நர்சிங் முடிச்சாச்சு, முதல் வேலை எங்கே? வேலூர், ஆம்பூர் பக்கம் ஒவ்வொரு வீட்டிலும் போட வேண்டிய கணக்கு



நம்ம சேனலைப் பார்க்கிறவங்க பெரும்பாலும் மாசச் சம்பளக்காரங்க. இந்தக் கட்டுரை உங்களுக்கா, இல்ல நர்சிங் முடிச்சிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிற உங்க தங்கச்சிக்கா என்று கேட்டால், ரெண்டு பேருக்கும்தான். ஏன்னா அவங்க கல்விக் கடனின் ஈஎம்ஐ முதலில் வந்து நிற்கப்போவது உங்க சம்பள அக்கவுண்ட்டில்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை பக்கம் இருக்கிறவங்களுக்கு இந்தக் குடும்பத்தை நல்லாத் தெரியும். அம்மா ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங். அப்பா டேனரியில். அண்ணனோ அக்காவோ படிச்சு முடிச்சு இப்பதான் ரெண்டு மூணு வருஷமா சம்பளம் வாங்குறாங்க. சின்னவ பிஎஸ்சி நர்சிங். நகையை வெச்சு, மகளிர் குழுவில் கடன் எடுத்து, பேங்கில் கல்விக் கடன் போட்டு நாலு வருஷம் படிக்க வெச்சாச்சு. இப்ப எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஒரே கேள்வி: "எக்ஸ்பீரியன்ஸ் எவ்வளவு?"

நம்ம ஊரில் நர்சிங்மேல் இவ்வளவு நம்பிக்கை வந்ததுக்குக் காரணம் இருக்கு. வேலூர் சிஎம்சியில் 1909-லேயே நர்சிங் பள்ளி தொடங்கியாச்சு. 1946-இல் இந்தியாவிலேயே முதன்முதலா நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கின இடங்களில் ஒன்று அது. மூணு தலைமுறையா "நர்சிங் படிச்சா வேலை உறுதி" என்று கேட்டு வளர்ந்த மாவட்டம் இது. அந்த வாக்கு இப்ப ஏன் உடனே பலிக்கிறதில்லை, பலிக்கிற வரைக்கும் பணத்தை எப்படிச் சமாளிக்கிறது? ஒவ்வொரு கணக்காப் பார்ப்போம்.

ஆள் பற்றாக்குறைன்னு சொல்றாங்க, அப்புறம் ஏன் வேலை இல்லை?

ரெண்டுமே உண்மை. ஆயிரம் பேருக்கு 3 நர்ஸ் வேணும் என்பது உலக சுகாதார அமைப்பின் அளவுகோல் என்று நம்ம அரசே சொல்லுது. இந்தியாவில் சுமார் 2 பேர்தான். இந்தியன் நர்சிங் கவுன்சில் விதிப்படி பொது வார்டில் டீச்சிங் ஆஸ்பத்திரி என்றால் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற ஆஸ்பத்திரி என்றால் 5 பேருக்கு ஒரு நர்ஸ், ஐசியூவில் ஒருத்தருக்கு ஒருத்தர். நீங்க கடைசியா போன ஆஸ்பத்திரி வார்டை நினைச்சுப் பாருங்க, பதில் கிடைச்சிடும்.

அதாவது தேவை இருக்கு. அந்தத் தேவைக்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கிற பட்ஜெட் இல்லை. சின்ன நர்சிங் ஹோம் ரெண்டு சீனியரை வெச்சு, மீதி வேலையைப் பயிற்சி பெறாத உதவியாளர்களை வெச்சு ஓட்டிடுது. பெரிய ஆஸ்பத்திரிக்கு வேண்டியது முதல் நாளே ஐசியூவில் நிற்கக்கூடிய ஆள். புதுசா வர்றவங்களுக்கு ஆறு மாசம் சொல்லிக்கொடுத்தால், ரெண்டு வருஷத்தில் வெளிநாடு போயிடுவாங்க என்ற பயம் வேற. இன்னொரு பக்கம் படிச்சு வெளியே வர்றவங்க எண்ணிக்கை ஏறிக்கிட்டே இருக்கு. 2023 ஏப்ரலில் மட்டும் நாடு முழுக்க 157 புதிய அரசு நர்சிங் கல்லூரிகளுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

நெரிசல் முழுக்க வாசலில்தான். உள்ளே ரெண்டு வருஷம் இருந்துட்டா நிலைமை மாறிடும். அதனால் முதல் வேலையை "எவ்வளவு சம்பளம்" என்று மட்டும் பார்க்காதீங்க. "இந்த வாசலைத் தாண்ட எவ்வளவு செலவு" என்றும் பாருங்க.

கணக்கு 1: சும்மா இருக்கிற மாசத்துக்கு என்ன விலை?

எடுத்துக்காட்டுக்கு ஒரு கடன். வருஷம் 75,000 ரூபாய் வீதம் நாலு வருஷத்துக்கு 3 லட்சம், வட்டி 10.5 சதவீதம். வங்கிகளின் மாதிரி கல்விக் கடன் திட்டப்படி படிப்புக் காலமும் அதுக்கு மேல் ஒரு வருஷமும் ஈஎம்ஐ கட்ட வேண்டாம். ஆனா வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும், தனிவட்டியா.

அஞ்சாவது வருஷம் முடியும்போது சேர்ந்த வட்டி 1,10,250 ரூபாய். அதை அசலோடு சேர்த்தால் கடன் 4,10,250. இதை 10 வருஷத்தில் அடைக்க ஈஎம்ஐ சுமார் 5,540 ரூபாய், மொத்தம் கட்டுவது சுமார் 6.64 லட்சம். 15 வருஷம் என்றால் ஈஎம்ஐ சுமார் 4,540, மொத்தம் சுமார் 8.16 லட்சம். மாசம் ஆயிரம் ரூபாய் குறையுது என்று சந்தோஷப்பட்டால், கடைசியில் ஒன்றரை லட்சம் கூடக் கட்டுறோம்.

வேலை தேடும் அந்த ஒரு வருஷத்தில் மட்டும் மாசம் 2,625 ரூபாய் வட்டி ஏறுது. வீட்டில் சம்பாதிக்கிற ஆள் நீங்கன்னா, முடிந்தால் இந்த 2,625-ஐ மட்டும் மாசாமாசம் கட்டிடுங்க. ஈஎம்ஐ தொடங்கும்போது அசல் வீங்காமல் இருக்கும். சலுகைக் காலத்தில் வட்டியை ஒழுங்காகக் கட்டினால் ஒரு சதவீதம் வரை வட்டிச் சலுகை கொடுக்கலாம் என்று அந்த மாதிரித் திட்டத்திலேயே இருக்கு. உங்க வங்கி கொடுக்குதா என்று எழுத்தில் கேளுங்க.

இன்னொண்ணு, நிறைய பேருக்குத் தெரியாதது. வேலை கிடைக்காத காலத்தையும், குறைந்த சம்பளத்தில் இருக்கிற காலத்தையும் கணக்கில் எடுத்து, கடன் காலத்துக்குள் ரெண்டு மூணு முறை ஈஎம்ஐயைத் தள்ளிவைக்க அதே திட்டத்தில் இடம் இருக்கு. மேனேஜர் தானா வந்து சொல்லமாட்டார். ஈஎம்ஐ தொடங்கும் தேதிக்கு ரெண்டு மாசம் முன்னாடியே வேலை தேடின ஆதாரங்களோடு எழுதிக் கொடுத்து, அக்னாலெட்ஜ்மென்ட் வாங்குங்க. மூணு ஈஎம்ஐ தவறி 90 நாள் தாண்டிட்டா கணக்கு வாராக்கடன் ஆயிடும். இணைக் கடன்தாரரா நீங்க கையெழுத்துப் போட்டிருந்தால் அது உங்க சிபில் ரிப்போர்ட்டிலும் நிற்கும். நாளைக்கு உங்க பைக் லோன், வீட்டுக் கடன் எல்லாத்துக்கும் அது பதில் சொல்லணும்.

80இ வரிச் சலுகை கிடைக்குமே என்று சிலர் கேட்பீங்க. அது பழைய வரி முறையில் மட்டும்தான் உண்டு. மாசம் 15,000, 20,000 வாங்குற பொண்ணுக்கு வருமான வரியே வராது, அதனால் அந்தச் சலுகையால் அவங்களுக்குப் பைசா லாபம் இல்லை. கடனைச் சீக்கிரம் அடைப்பதுதான் இங்கே லாபம்.

கணக்கு 2: ரெண்டு ஆஃபர், எதை எடுக்கணும்?

இதுவும் எடுத்துக்காட்டுதான். உங்க ஊர் எண்ணைப் போட்டுக்கோங்க.

ஆஃபர் ஒன்று: சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி, மாசம் 18,000. பிஎஃப் பிடித்தம் 1,800 (அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வெச்சு 12 சதவீதம்), ஈஎஸ்ஐ 135, ஹாஸ்டலும் சாப்பாடும் 6,000, ஊருக்கு வந்துபோக 1,000. கையில் நிற்பது 9,065.

ஆஃபர் ரெண்டு: ஆம்பூரிலேயே சின்ன நர்சிங் ஹோம், மாசம் 12,000, கையில் ரொக்கமா. பிஎஃப், ஈஎஸ்ஐ கிடையாது. பஸ்ஸுக்கு 1,200. கையில் நிற்பது 10,800.

கையில் வர்ற பணத்தைப் பார்த்தால் ரெண்டாவதுதான் 1,735 ரூபாய் கூட. அம்மா சொல்வாங்க, "வீட்டுச் சாப்பாடு, ராத்திரி வந்துடுவா, இதுவே போதும்." அந்தப் பேச்சிலும் நியாயம் இருக்கு. ஆனா விட்டுப்போன வரிகளைச் சேர்த்துப் பாருங்க.

பிஎஃப்பில் அவங்க போடும் 1,800-க்கு நிர்வாகமும் 1,800 போடணும். அதில் 1,250 பென்ஷன் கணக்குக்குப் போகும், 550 பிஎஃப் கணக்கில் சேரும். ஈஎஸ்ஐக்கு நிர்வாகத்தின் பங்கு 3.25 சதவீதம். அதில் அவங்களுக்கும் அவங்களைச் சார்ந்த பெற்றோருக்கும் மருத்துவம், உடம்பு முடியாத நாளுக்குப் பணம், வேலையில் காயம் பட்டால் இழப்பீடு எல்லாம் வருது. ஊசி குத்திக்கொள்வது தினசரி ஆபத்தாக இருக்கிற வேலையில் இது சின்ன விஷயம் இல்லை. சட்டப்படி 20 பேரோ அதுக்கு மேலோ இருந்தால் பிஎஃப், 10 பேரோ அதுக்கு மேலோ இருந்தால் ஈஎஸ்ஐ (சம்பள வரம்பு 21,000) என்பது பொது விதி. "எங்க கிட்ட கிடையாது" என்று சொன்னால் எத்தனை பேர் வேலை செய்யறாங்க என்று எண்ணிப் பாருங்க.

இதைவிடப் பெரிய வரி ஒன்று இருக்கு. பிஎஃப் பாஸ்புக்தான் உங்க தங்கச்சியின் உண்மையான எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட். வளைகுடா நாடுகளுக்குப் போகிறவங்களின் சர்டிஃபிகேட்டுகளை டேட்டாஃப்ளோ மாதிரி நிறுவனம் நேரடியா ஆஸ்பத்திரியிடமே கேட்டு உறுதி செய்யும். அந்த நேரத்தில் நர்சிங் ஹோம் மூடியிருந்தாலோ, "அப்படி யாரும் இங்கே வேலை செய்யலையே" என்று சொல்லிட்டாலோ ரெண்டு வருஷ உழைப்புக்கு ஆதாரமே இல்லை. சம்பளம் வங்கி வழியா வந்து, யுஏஎன் நம்பரில் மாசாமாசம் பதிவானால், யாரும் அதை அழிக்க முடியாது.

அதனால் உள்ளூர் வேலையையே எடுத்தாலும் மூணு விஷயத்தைக் கேட்டு வாங்குங்க: நியமனக் கடிதம், வங்கி வழிச் சம்பளம், எந்த வார்டில் வேலை என்று எழுதின டூட்டி விவரம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் நியமனக் கடிதம் கட்டாயம் ஆக்கப்பட்டிருக்கு. வேலையை விட்டால் ரெண்டு வேலை நாளுக்குள் பாக்கிச் சம்பளத்தைக் கொடுக்கணும் என்றும் இருக்கு.

கணக்கு 3: நியாயமான சம்பளம் எவ்வளவு?

2016 ஜனவரியில், நர்ஸ்கள் சங்கம் போட்ட வழக்கில், தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ்களின் நிலையை ஆராயக் குழு அமைக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். அந்தக் குழு சொன்னது இது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம். 100-க்கு மேல் என்றால் அதில் 10 சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது. 50 முதல் 100 என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது. 50-க்குக் கீழே இருந்தாலும் குறைந்தது 20,000.

கேரளாவில் நர்ஸ்கள் தொடர்ந்து போராடி, 2018-இல் 20,000 ரூபாயை குறைந்தபட்சச் சம்பளமாக அரசாணையிலேயே வாங்கினாங்க. நம்ம பக்கம் அது பெரும்பாலும் பரிந்துரையாகவே நிற்குது. ஆனா தமிழ்நாட்டிலும் ஆஸ்பத்திரி, நர்சிங் ஹோம் ஊழியர்களுக்குக் குறைந்தபட்ச ஊதிய அட்டவணை தனியா இருக்கு, ஒவ்வொரு ஏப்ரலிலும் அகவிலைப்படி மாறும். தொழிலாளர் துறை தளத்தில் அந்தத் தொகையைப் பார்த்துட்டு இன்டர்வியூவுக்குப் போங்க. "ஃப்ரெஷருக்கு இவ்வளவுதான்" என்று சொல்றவங்க கிட்ட அந்தப் பேப்பரை வெச்சுப் பேசினால் குரல் தானா மாறும்.

"முதல் ஆறு மாசம் ட்ரெயினிங், சம்பளம் இல்லை" என்றாலோ, "ட்ரெயினிங்குக்கு நீங்கதான் பணம் கட்டணும்" என்றாலோ கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. நாலு வருஷமா வார்டு டூட்டி பார்த்துட்டு வந்த பொண்ணு அவங்க.

கணக்கு 4: பாண்ட் பேப்பர்

"பாண்ட் எல்லாம் கோர்ட்டில் செல்லாது, கையெழுத்துப் போட்டுட்டு ஓடிடலாம்" என்று இன்டர்நெட்டில் நிறைய பேர் சொல்றாங்க. பாதிதான் உண்மை. 2025 மே மாசம் விஜயா வங்கி வழக்கில், மூணு வருஷத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் கட்டணும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அது பொதுத்துறை வங்கி, ஆள் எடுக்கிற செலவு பெரிசு என்ற காரணங்களும் தீர்ப்பில் இருக்கு. இன்னொரு பக்கம், ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி எவ்வளவு எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீடு மட்டும்தான் கேட்க முடியும். ஆக, பாண்டைக் கிழிச்சுப்போடவும் முடியாது, பயந்து சாகவும் வேண்டாம்.

கையெழுத்துக்கு முன்னாடி மூணு வரியைத் தேடுங்க. ஒன்று, தொகை மாசாமாசம் குறையுதா? ரெண்டு வருஷத்துக்கு 1 லட்சம் என்றால், 18 மாசம் முடிச்சவங்க கட்ட வேண்டியது 25,000-ஆக இருக்கணும். முழுசும் கேட்டால் திருத்தச் சொல்லுங்க. ரெண்டு, அவங்களே வேலையை விட்டு நிறுத்தினால் பாண்ட் ரத்தாகுமா? மூணு, ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் கேட்கிறாங்களா? சரிபார்க்கக் காட்டலாம், விட்டுட்டு வரக்கூடாது. நர்சிங் கவுன்சில் பதிவுச் சான்று அங்கே மாட்டிக்கிட்டால் அடுத்த வேலைக்கு விண்ணப்பம்கூடப் போட முடியாது. பாஸ்போர்ட் விஷயத்தில் பேச்சே இல்லை, சட்டப்படி அது மத்திய அரசின் சொத்து.

கணக்கு 5: அரசு வேலைக்குக் காத்திருக்கலாமா?

காத்திருங்க, வேலை செஞ்சுக்கிட்டே. 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்ஆர்பி) போட்டித் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கான நர்ஸ்களை எடுத்தது. அப்ப தொகுப்பூதியம் மாசம் 7,700 ரூபாய். ரெண்டு வருஷத்தில் நிரந்தரம் என்று எதிர்பார்த்தாங்க. நிறைய பேருக்கு அது பல வருஷம் இழுத்தது, அதுக்காகப் போராட்டமும் நடந்தது. தொகுப்பூதியம் அப்புறம் 14,000 ஆகி, 18,000 ஆனது. கொரோனா நேரத்தில் எடுத்த சுமார் 2,400 நர்ஸ்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-உடன் முடிந்துபோச்சு.

இதைச் சொல்வது பயமுறுத்த இல்லை. அரசு வேலையிலும் முதல் சில வருஷம் தொகுப்பூதியம்தான் என்று தெரிஞ்சு பட்ஜெட் போடணும். எம்ஆர்பியோடு நிறுத்திக்காமல் எய்ம்ஸ் நர்சிங் ஆஃபிஸர் தேர்வான நார்செட்டையும் எழுதச் சொல்லுங்க. லெவல் 7, அடிப்படைச் சம்பளமே 44,900. பிஎஸ்சி நர்சிங் முடிச்சுப் பதிவு செய்தவங்க அனுபவம் இல்லாமலே எழுதலாம், டிப்ளமோ என்றால் ரெண்டு வருஷ அனுபவம் வேணும். ரயில்வேயிலும் லெவல் 7 நர்சிங் பணி வருது. மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் அறிவிப்புகளுக்கு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூணு மாவட்டத் தளங்களையும் பாருங்க. 2019-இல் மாவட்டம் பிரிஞ்ச பிறகு மூணும் தனித்தனி.

நம்ம ஊர்க்காரங்க மறந்துபோன ஒரு கதவு

500 தொழிலாளர்களுக்கு மேல் இருக்கிற தொழிற்சாலையில் ஆம்புலன்ஸ் ரூம் இருக்கணும், அதில் மருத்துவ, நர்சிங் பணியாளர் இருக்கணும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 45-வது பிரிவிலிருந்தே வருது. புதிய சட்டத் தொகுப்பிலும் அந்த 500 என்ற அளவு தொடருது. ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் பெரிய ஷூ கம்பெனி எத்தனை இருக்கு என்று உங்களுக்கே தெரியும். ஏற்றுமதி கம்பெனி என்றால் வெளிநாட்டு பையர் ஆடிட்டில் இந்த ரூமையும் பார்ப்பாங்க. அம்மா போகிற கம்பெனி பஸ்ஸிலேயே போய்வரலாம், பிஎஃப், ஈஎஸ்ஐ உண்டு.

ரெண்டு எச்சரிக்கை. வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்கு இதை வார்டு அனுபவமா எடுத்துக்கமாட்டாங்க, அதனால் இது வெளிநாட்டுத் திட்டம் இல்லாதவங்களுக்கு, அல்லது இடைக்காலத்துக்கு. இன்னொண்ணு, 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள்மேல் 50 சதவீதம் வரை வரி போட்டபோது தோல் தொழில் எப்படி ஆடிப்போச்சு என்று பார்த்தோம். அம்மா, அப்பா, பொண்ணு மூணு பேர் சம்பளமும் ஒரே தொழிலில் இருந்தால், ஆர்டர் குறையிற மாசத்தில் வீட்டில் எல்லா வரவும் சேர்ந்து குறையும். முதலீட்டில் மட்டும் இல்லை, குடும்ப வருமானத்திலும் எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்கக்கூடாது.

கணக்கு 6: வெளிநாட்டு ஏஜென்ட்

வேலை கிடைக்காத வீட்டைத் தேடி முதலில் வர்றது ஏஜென்ட்தான். ஒரு எண்ணை மட்டும் மனப்பாடம் பண்ணுங்க: உரிமம் பெற்ற ஏஜென்ட் ஒருத்தரிடம் வாங்கக்கூடிய அதிகபட்சச் சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதுக்கு மேல் ஜிஎஸ்டி. அஞ்சு லட்சம், பத்து லட்சம் என்று கேட்டால், அங்கேயே முடிஞ்சது பேச்சு. 2015-இல் கேரளாவில் குவைத் நர்ஸ் வேலைக்கு 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் 19.5 லட்சம் வரை வாங்கியதாக சிபிஐ வழக்கே வந்தது.

அந்த வருஷமே மத்திய அரசு, சவுதி, குவைத் உள்ளிட்ட 18 நாடுகளுக்குப் போகும் நர்ஸ்களுக்கு இ-மைக்ரேட் அனுமதியைக் கட்டாயமாக்கி, ஆள் எடுப்பதையும் அரசு நிறுவனங்கள் பக்கம் திருப்பியது. தமிழ்நாட்டில் அதுக்காக இருப்பது 1978-இல் தொடங்கின அயல்நாட்டு மனிதவள நிறுவனம். ஏஜென்ட்டின் உரிமத்தை இ-மைக்ரேட் தளத்தில் பேர் போட்டே பார்க்கலாம். அஞ்சு நிமிஷ வேலை.

ஏஜென்ட்டுக்குக் கொடுக்க நினைச்ச பணத்தை மொழிக்குச் செலவு பண்ணுங்க. பிரிட்டன் என்றால் ஓஇடி, ஜெர்மனி என்றால் பி1, பி2 ஜெர்மன். அந்தச் சர்டிஃபிகேட் உங்க தங்கச்சி பேரில் இருக்கும், ஏஜென்ட் ஓடிப்போனாலும் கூடவே இருக்கும்.

இந்த மாசமே செய்ய வேண்டியது

1. நர்சிங் கவுன்சில் பதிவு முடிஞ்சதா என்று பாருங்க. அது இல்லாமல் எந்த இன்டர்வியூவும் வீண்.
2. பேங்கில் கடன் ஸ்டேட்மென்ட் வாங்கி, இன்றைய வட்டியும் ஈஎம்ஐ தொடங்கும் தேதியும் எழுதி வையுங்க.
3. மாச வட்டியை உங்க சம்பளத்திலிருந்து கட்ட முடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்க. முடிந்தால் ஆட்டோ டெபிட் போடுங்க.
4. வேலை தேட மூணு மாசக் கெடு வையுங்க. பெரிய ஆஸ்பத்திரி கிடைக்கலையா, நியமனக் கடிதமும் வங்கிச் சம்பளமும் கொடுக்கிற சின்ன இடத்தில் சேர்ந்துட்டுத் தேடுங்க.
5. முதல் சம்பளம் வந்ததும் யுஏஎன் செயல்படுதா என்று பாருங்க. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டாச்சா என்றும் கேளுங்க.

கடைசியா உங்களுக்கு, அதாவது சம்பளம் வாங்குற அண்ணனுக்கும் அக்காவுக்கும். "படிச்சு என்ன பிரயோஜனம்" என்று வீட்டில் யாராவது ஆரம்பிச்சால், 2,625 ரூபாய்க் கணக்கை எடுத்து வையுங்க. பிரச்சினை எவ்வளவு பெரிசு, எத்தனை மாசம் தாங்கலாம் என்று எண்ணாகத் தெரிஞ்சுட்டா பேச்சு சண்டையாகாது. உங்க கடனும் ஆஃபரும் மேலே சொன்ன எண்களிலிருந்து மாறும். அதனால் ஒரு பேப்பரை எடுத்து, உங்க எண்ணைப் போட்டு, தங்கச்சியோடு சேர்ந்து இந்த ஞாயிற்றுக்கிழமை கணக்குப் போடுங்க. அடுத்த வீடியோவில் கல்விக் கடன் ஸ்டேட்மென்ட்டை வரிவரியா எப்படிப் படிக்கிறது என்று பார்க்கலாம்.